துரையைக் கனடாவுக்கு அனுப்பிய கதை

கால்நடைத் துறையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி சேர்வராயன் மலையில் கழிந்தது. எந்த மருந்தகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இப்போதும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு வம்பு?

போன மாதம் அந்த மருந்தகத்தில் இப்போது இருக்கும் இளம் பெண் டாக்டர் போன் செய்தார். ஏற்காட்டில் பங்களா வைத்திருக்கும் ஒரு குடும்பம் நாயோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்கிறதாம். அதற்காகவே தொழில் நடத்தும் ஒரு பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, ஏ.சி. வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். படிவங்களை எல்லாம் அவர்களே நிரப்பியிருந்தார்கள். டாக்டருக்கு மிச்சம் வைத்தது ஒரு கையெழுத்து மட்டும். உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஒரே ஒரு நாயை அனுப்பினோம் என்றேன். விவரம் கேட்டார், சொன்னேன். கேட்டு முடித்தவர், ஓய்வூதியர் சங்க மலருக்கு இதை எழுதுங்கள் என்றார். மலர்க் குழுவினர் என்னிடம் வழக்கமாகக் கேட்பது கோமாரி ஒழிப்பில் என் பங்கு பற்றி. அதில் என் பங்கு தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அதனால் நாயைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பயிற்சிக் காலத்தில் மாட்டுக்கு ஆறு மாதம், ஆட்டுக்கு இரண்டு மாதம், கோழிக்கும் பன்றிக்கும் சேர்த்து ஒரு மாதம் ஒதுக்கியிருந்தார்கள். நாய்க்கு ஒரு பிற்பகல். அன்றைக்குப் பாடம் எடுக்க வேண்டியவர் விடுப்பில் போய்விட்டார். அந்தக் கல்வியோடு மலையேறினேன்.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டாக்டர் பூவராகன். கீழ்ச்சீமைக்காரர், மலைக்குளிர் ஆகாது. சித்திரை மாதத்திலும் குரங்குக் குல்லாயும் மப்ளரும் அணிந்திருப்பார். அவருடைய மேசை ஜன்னலை ஒட்டி இருக்கும். நோய் கண்ட மாட்டை ஜன்னலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். "நடத்திக் காட்டுங்க" என்பார். நடத்துவோம். "திருப்புங்க" என்பார். திருப்புவோம். சாணம் எப்படிப் போகிறது என்று கேட்பார். பிறகு மருந்தெழுதித் தருவார். மருந்து பலித்துவிடும். அதுதான் எங்களுக்குப் பெரிய சங்கடம். அவர் கெட்டிக்காரர் இல்லை என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் நான் பார்த்தவரை எந்தப் பிராணியையும் அவர் தொட்டதில்லை. ஊசி நான் போடுவேன், வெப்பமானி நான் வைப்பேன், ஈனமுடியாத மாட்டுக்குக் கை விடுவதும் நான்தான். எல்லாம் முடிந்த பிறகு, "நேரில் பரிசோதித்தேன்" என்ற ரப்பர் முத்திரையை எடுத்து, அதன் மேல் ஒருமுறை வாயால் ஊதி, தாளின் இடப்பக்க மூலையில் குத்துவார். அதற்குக் கீழே பச்சை மையில் கையெழுத்து.

காகிதத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. கார்பன் தாளை நகம் படாமல் வைப்பார். குண்டூசியைச் சாய்வாகக் குத்தினால் எடுத்து நேராகக் குத்தச் சொல்வார். ஒருமுறை கரடியூரில் செத்துப்போன ஒரு பசுவுக்குச் சான்று எழுதும்போது, "இறப்பதற்கு முன் நல்ல நிலையில் இருந்தது" என்று முடித்திருந்தார். அது தவறு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்படி இருந்த இடத்துக்கு ஒரு நாள் காலை அந்தோணிசாமி ரைட்டர் வந்தார்.

கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆட்களின் வருகை எடுப்பது, எந்த மலைச்சரிவில் எத்தனை செடி நிற்கிறது என்று எழுதி வைப்பது, முதலாளியின் கோபத்தை மொழிபெயர்த்து ஆட்களிடம் சேர்ப்பது, இவைதான் அவர் வேலை. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பிலோமினா கனடாவில் நர்சாக இருந்தாள். அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்து, அதற்கான காகிதங்களையும் வாங்கிவிட்டாள். ரைட்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அந்த நிபந்தனை அவர் கையில் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தது.

செம்பழுப்பு நிறம். ஒரு காது விறைத்து நிற்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். சுத்தமான நாட்டு நாய்.

"ஏனுங்க டாக்டர், துரை கனடா போறதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணுமுங்க" என்றார் ரைட்டர்.

டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "துரைக்குன்னா அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இங்க கால்நடைக்கு மட்டும்தான்" என்றார்.

நாய்க்குத்தான் துரை என்று பெயர் என்பதை விளக்க நேரமானது. ஏன் அந்தப் பெயர் என்று நான் பிறகு தனியாகக் கேட்டேன். முப்பது வருடம் எஸ்டேட் துரைமார் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற வாரம் இந்தக் குட்டி கிடைத்தது. "துரை, உக்காருன்னு சொன்னா உக்காருதுங்க" என்றார்.

டாக்டர் உற்சாகமாகிவிட்டார். அவர் பணிக்காலத்தில் வெளிநாட்டுப் படிவம் ஒன்றை அதுவரை நிரப்பியதில்லை. சென்னைக்கு எழுதி விதிகளை வரவழைத்தார். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு உடல் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அதை வைத்து விமான நிலையத்தருகே உள்ள அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். நாயை ஏற்றும் பெட்டிக்கென்று தனியாக அளவுகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு புதுக் கோப்பில் போட்டு, அட்டையில் "துரை – வெளிநாட்டுப் பயணம்" என்று எழுதினார். மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தபோது அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு, யார் இந்தத் துரை, அரசு அனுமதி பெற்றுத்தான் போகிறாரா என்று கேட்டார். அனுமதிக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறோம் என்றார் டாக்டர்.

முதல் சிக்கல் இனம் என்ற கட்டத்தில் வந்தது. எங்கள் துறையில் இன்ன இனம் என்று சொல்ல முடியாத பிராணிக்கு "நான்-டிஸ்கிரிப்ட்" என்று எழுதுவது வழக்கம். டாக்டர் அதையே எழுதினார். ரைட்டர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அதுதான் தொல்லை.

"விவரிக்க ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கீங்க" என்றார்.

அது துறைச் சொல் என்றார் டாக்டர்.

"செடிக்குச் செடி விவரம் எழுதினவனுங்க நானு. இதை விவரிக்க முடியாதுன்னா, எம் பாஸ்போர்ட்டுலயும் அதையேதானுங்களே போட்டிருக்கோணும்."

டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. துறைச் சொல்லை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் தனித்தாளில் விவரம் எழுதி இணைக்கலாம் என்றார். மறுநாள் ரைட்டர் முத்து முத்தான எழுத்தில் இரண்டு பக்கம் கொண்டுவந்தார். துரையின் நிறம், உயரம், தழும்புகள், எதற்குக் குரைக்கும், எதற்குக் குரைக்காது, குக்கர் விசிலுக்குக் கட்டிலுக்கடியில் போய்விடும் என்பது வரை அதில் இருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, குண்டூசியை நேராகக் குத்தி இணைத்தார்.

அடுத்தது பெட்டி. நாய் நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது, உள்ளேயே திரும்ப வேண்டும், நீட்டிப் படுக்க வேண்டும். நான் டேப்பைப் பிடித்தேன். காது நுனிவரை உயரம் என்று விதியில் இருந்தது. எந்தக் காது என்று இல்லை. டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டையும் அளந்து இரண்டுக்கும் இடைப்பட்டதை எழுதச் சொன்னார். அப்படியானால் ஒரு காது இடிக்கும் என்றேன். நிமிர்ந்த காதுக்கு அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

தச்சர் தலைச்சோலைக்காரர். அந்த வட்டாரத்தில் கோயில் திருப்பணிகளுக்கும் சவப்பெட்டிகளுக்கும் அவர்தான். அளவுத் தாளைப் பார்த்து, குழந்தைக்குங்களா என்று இரக்கத்தோடு கேட்டார். இல்லை, கனடா போகும் நாய்க்கு என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நாங்கள் அவரைக் கேலி செய்வதாக நினைத்து. ரைட்டரே நேரில் போய்ப் பேசித்தான் வேலை தொடங்கியது. சில்வர் ஓக் பலகை, மூன்று பக்கமும் காற்றுத் துளைகள், முன்னால் கம்பிக் கதவு, வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றும்படி உள்ளே மாட்டிய கிண்ணம். பிரமாதமாக வந்தது. பழக்க வேகத்தில் மூடி மேல் ஒரு சிலுவையைச் செதுக்கிவிட்டார். இருக்கட்டும் என்றார் ரைட்டர்.

பெட்டிக்குப் பழக்குகிற பொறுப்பு என்னுடையது. அந்த மூன்று வாரங்களைப் போல நான் எந்த வேலையையும் ரசித்துச் செய்ததில்லை. முதல் நாட்களில் கதவைத் திறந்தே வைத்து, ரைட்டரின் பழைய சட்டையை உள்ளே விரித்தேன். சோறு உள்ளே மட்டும்தான். சாப்பிடும்போது கதவை ஒரு நிமிடம் சாத்தினேன், பிறகு ஐந்து நிமிடம், அரை மணி. குரைத்தால் திறக்க மாட்டேன், அமைதியாக இருந்தால் திறப்பேன். இரண்டாவது வாரத்தில் துரை தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாமே என்று எஸ்டேட்டில் எல்லாரும் ரைட்டருக்கு யோசனை சொன்னார்கள். கூடவே கூடாது என்று டாக்டரும் நானும் சொன்னோம். ஆகாயத்தில் மயங்கிக் கிடக்கும் நாய்க்கு மூச்சு முட்டினால் யார் பார்ப்பது?

மூன்றாவது வாரம் பெட்டியோடு ஜீப்பில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கிச் சேலம்வரை போய்த் திரும்பினோம். துரை வாந்தி எடுக்கவில்லை. ரைட்டர் இரண்டு இடத்தில் எடுத்தார்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் பேச்சு முழுக்க இதுதான். பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருக்கும் மகனின் தாய் ஒருவர் மருந்தகத்துக்கே வந்து, நாய்க்குப் போடுகிற அந்த ஊசியைத் தன் மகனுக்கும் போட்டால் விசா கிடைக்குமா என்று விசாரித்தார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பயணத்துக்கு நான்கு நாட்கள் இருந்தன. தகுதிச் சான்று எழுதும் நாள். துறை இதழில் போட ஒரு படம் வேண்டும் என்று மேலே இருந்து கேட்டிருந்தார்கள். மலையிலிருந்து வெளிநாடு போகும் நாயை டாக்டர் பரிசோதிப்பது போல. ஏரிக்கரை ஸ்டூடியோக்காரர் கேமராவோடு வந்தார். டாக்டர் குல்லாயைக் கழற்றி, தலை சீவிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு கஜ தூரத்தில் நின்றார்.

"சார், பரிசோதனை மாதிரியே இல்லீங்க. கையை நாய் மேல வெச்சாத்தானுங்க நல்லாருக்கும்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

நாயை வெளியே எடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் துரை பெட்டிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பது படத்தில் வர வேண்டும் என்ற ஆசை, மூன்று வார உழைப்பல்லவா. பேசாமல் இருந்துவிட்டேன். டாக்டர் குளிருக்குப் போட்டிருந்த கையுறையை உருவிவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டார்.

அந்தப் பெட்டிதான் உன் வீடு என்று அந்த நாய்க்கு இருபத்தொரு நாள் சொல்லிக்கொடுத்தவன் நான். அதன் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒரு கை வந்தது. துரை வலது கைக் கட்டைவிரலின் அடியில் கடித்தது. அதே நொடியில் பிளாஷ் அடித்தது.

டாக்டர் கத்தவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனார். சோப்பைக் கேட்டார். சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினார். பதினாலாவது நிமிடம் நான் துண்டை நீட்டினேன். இன்னும் ஒன்று இருக்கிறது என்றார்.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். சான்று எல்லாக் கட்டமும் நிரம்பி, கையெழுத்துக்கு மட்டும் காத்திருந்தது. அதில் கடைசி வரி: இவ்விலங்கு கடந்த பத்து நாட்களில் எவரையும் கடிக்கவில்லை.

ரைட்டர் வாசலில் நின்றார். அவருடைய குடியேற்றக் காகிதத்துக்கு ஒரு கெடு இருந்தது. அதற்குள் கனடாவில் போய் இறங்காவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வீட்டை வேறு காலி செய்தாகிவிட்டது. நான் மெதுவாகச் சொன்னேன், பார்த்தது நாம் நான்கு பேர்தான், ஸ்டூடியோக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன், தடுப்பூசி போட்ட நாய், பயமில்லை என்று. இத்தனை வருடம் தொடாத மாடுகளுக்கெல்லாம் நேரில் பரிசோதித்தேன் என்று குத்தியவர், இந்த ஒரு வரியைத் தாண்டிப் போவதில் என்ன என்று உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"கம்பவுண்டர், நீங்க நினைக்கிறது புரியுது" என்றார். "இத்தனை நாளா நான் தெரியாததைத் தெரியும்னு எழுதினேன். அது சோம்பேறித்தனம். இப்ப தெரிஞ்சதை இல்லைன்னு எழுதச் சொல்றீங்க. அது வேற."

பேனாவை மூடி வைத்தார். பத்து நாள் நாயைக் கண்காணித்த பிறகுதான் கையெழுத்து என்றார்.

ரைட்டர் அன்று முழுக்க மருந்தகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தான் போகவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் என் தப்பை ஒப்புக்கொண்டேன். நாயை வெளியே எடுக்காதது நான்தான், கண்காணிப்பு முடிந்ததும் நானே சென்னைக்குக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. மாலையில் மகளோடு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். பேசிவிட்டு வந்து, "புள்ளை அழுவுதுங்க" என்றார். நான்காம் நாள் சேலம் பஸ்ஸில் தனியாக ஏறினார். போகுமுன் துரையின் கழுத்துக் கயிற்றை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டார்.

துரையை டாக்டர் குடியிருப்பின் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் கட்டி, பெட்டியையும் பக்கத்தில் வைத்தோம். டாக்டரே அப்படித்தான் வேண்டும் என்றார். கண்காணிப்பு என்றால் கண்ணால் பார்க்க வேண்டும், ஆள் விட்டுப் பார்க்க முடியாது என்று விதியைக் காட்டினார். ஒரு நோட்டில் கோடு போட்டு, காலை மாலை உணவு, நடை, உமிழ்நீர், குரல் எல்லாம் எழுதினார். சேலத்துக்குப் போய் ஊசியும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது. மருந்தக ஊழியர் அனைவரும் முன்னெச்சரிக்கை ஊசி போட்டுக்கொண்டதாக அவர் கையெழுத்திட்ட பதிவேட்டில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது. போட்டுக்கொண்டதென்னவோ நான் மட்டும்தான்.

ஆறாம் நாள் துரை சாப்பிடவில்லை. ஏழாம் நாளும் தொடவில்லை. மூலையில் சுருண்டு படுத்திருந்தது, கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. வெறி கண்ட நாய்க்கு முதல் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. நோட்டில் அன்றைய வரியைப் பார்த்தேன். "உணவு: இல்லை" என்று எழுதியிருந்தார். எழுத்து கோணியிருந்தது. அவர் எழுத்து கோணி நான் பார்த்ததில்லை. தன் மனைவியை ஊரிலிருந்து வரச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார்.

தட்டை எடுக்கப் போனபோதுதான் பொறி தட்டியது. பெட்டி எங்கே? பயணத்துக்குள் அழுக்காகிவிடக் கூடாது என்று ஐந்தாம் நாள் டாக்டர் அதைத் துடைத்து, துணி போர்த்தி, ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருந்தார். சோறு அதற்குள்தான் என்று பழக்கியவன் நான். ஓடிப் போய் இழுத்து வந்து கொட்டகையில் வைத்தேன். துரை எழுந்தது, உடம்பை உதறியது, உள்ளே போய் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. தட்டை வைத்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லை.

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதை நோட்டுல எப்படி எழுதறது?" என்று கேட்டார். உள்ளபடியே எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

பத்தாம் நாள் அவர் நாயை வெளியே அழைத்து, தரையில் மண்டியிட்டு, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். ஒரு மாட்டைப் பார்க்கும் நேரத்தில் ஐந்து மடங்கு எடுத்துக்கொண்டார். பிறகு புதுச் சான்று எழுதினார். கடைசி வரியை அடித்துவிட்டு, இவ்விலங்கு கீழே கையொப்பமிட்டவரை இன்ன நாளில் வலது கட்டைவிரலடியில் கடித்தது, தவறு கடிபட்டவருடையது, பத்து நாள் கண்காணித்ததில் பூரண ஆரோக்கியம் என்று சேர்த்தார்.

விடியற்காலையில் காபி மூட்டை ஏற்றும் வேனில் புறப்பட்டு, பிற்பகல் நானும் துரையும் சென்னை போய்ச் சேர்ந்தோம். ஆள் துணையில்லாமல் போவதால் சரக்காகத்தான் ஏற்ற வேண்டும். விமானக் கம்பெனி குமாஸ்தா தொலைபேசியில் துரை என்ற பெயரை மட்டும் குறித்து வைத்திருந்தார். பயணி எங்கே, ஜன்னலோரம் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். பயணியைக் காட்டினேன். மூடியில் சிலுவையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கம்பிக் கதவுக்குப் பின்னால் வாலாட்டியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியானார்.

ஏற்றுமதிச் சான்று தரும் அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரைட்டரின் விவரப் பக்கங்களைச் சுவாரசியமாகப் படித்தார். தகுதிச் சான்றின் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"கடிச்சதுன்னு எழுதியிருக்காரே. ஏன் எழுதினார்?"

கடித்ததால் எழுதினார் என்றேன்.

அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். நாள்தோறும் தன்னிடம் வருகிற சான்றுகளில் எந்த நாயும் யாரையும் கடித்ததில்லை, இதில் மட்டும் கடித்ததென்றால் உள்ளே வேறு ஏதோ விவகாரம் இருக்க வேண்டும் என்றார். நல்ல சான்றாக ஒன்று வாங்கி வாருங்கள் என்றார். விமானத்துக்குச் சில மணி நேரமே இருந்தது. நான் கெஞ்சியதில் டாக்டருக்கே போன் போட ஒப்புக்கொண்டார்.

டாக்டர் அந்தப் போனுக்காகவே காத்திருந்த மாதிரி எடுத்தார். அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். டாக்டர் கண்காணிப்பு நோட்டை முதல் நாள் காலையிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். உணவு, நடை, உமிழ்நீர், குரல். மாலை: உணவு, நடை, உமிழ்நீர், குரல். அதிகாரி நடுவில் பேச வாயெடுத்தபோதெல்லாம், வரிசையாகக் கேட்டால்தான் புரியும் என்று டாக்டர் தடுத்தது எனக்கே கேட்டது. மூன்றாம் நாள் மாலையில் அதிகாரி ஒரு கையால் ரிசீவரைப் பிடித்தபடி மறு கையால் முத்திரையைத் தேடினார். ஐந்தாம் நாள் காலையில் குத்திவிட்டார்.

துரை போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் ரைட்டரின் குரல் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்தது. நாய் நல்லா இருக்குதுங்க, பனியில உருண்டு விளையாடுதுங்க என்றார். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நொம்பக் குளிருங்க என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில் ரைட்டர் மருந்தகத்துக்கு நடந்து வந்தார். கையில் கயிறு இல்லை. தடித்த கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார், நம் மலைக்கு அது அதிகம். டாக்டரும் நானும் பதறிப்போய் எழுந்தோம். நாய்க்கு என்ன ஆயிற்று என்று டாக்டர்தான் முதலில் கேட்டார்.

அதற்கு ஒன்றுமில்லை என்றார் ரைட்டர். மகள் வீட்டில் ராஜாவாக இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு நடக்கக் கூட்டிப்போகிறார்களாம். திருப்பிக் கூட்டிவரலாமென்று பார்த்தால் வாசலைத் தாண்டி வர மறுத்துவிட்டதாம். அவர் மட்டும் நாள் முழுக்க சூடேற்றிய ஒரு அறைக்குள், கதவு சாத்தி, கண்ணாடி ஜன்னல் வழியாக யாரும் நடக்காத தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கொட்டச்சேட்டில் மறுபடி வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"உங்களுக்கு ஏனுங்க ஒத்துவரலை?" என்று கேட்டேன்.

அவர் என்மேல் குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சுட்டிக்காட்டுகிற ரைட்டரின் குரலில்தான் சொன்னார்:

"துரையை மூணு வாரம் பழக்கிவுட்டீங்க கம்பவுண்டரே. என்னை ஆரும் பழக்கிவுடலீங்களே."